நோன்பும் பத்தியமும்: உடல் எடை பற்றிய எதிர்பார்ப்பு

‘ஸவ்ம்’ என்னும் அரபுச் சொல்லின் மூலப்பொருள் தடுத்து நிறுத்திக்கொள்ளுதல் என்பதாகும். தீனி தின்னாது நிற்கும் குதிரையையும் பண்டைய அரபியர் ‘ஸாயிம்’ என்றே அழைத்தனர். அன்னை மர்யம் (அலை) அவர்கள் எவருடனும் பேசாதிருக்க நேர்ந்துகொண்டதைத் திருக்குர்ஆன் இச்சொல்லாலேயே குறிக்கிறது. நாம் வழங்கும் ‘நோன்பு’ என்னும் தமிழ்ச்சொல்லோ ‘நோல்’ என்னும் வேரிலிருந்து வந்தது. பொறுத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். இவ்விரு சொற்களிலும் உடல் மெலிதல் என்ற கருத்து இல்லை. அதற்கு அரபு மொழியில் வேறொரு சொல் உண்டு. ‘ஹிம்யா’ என்பது அது. உடலுக்கு ஊறு செய்யும் உணவை விலக்கி உடலைக் காத்தல் என்று அதற்குப் பொருள். தமிழில் ‘பத்தியம்’ என்றால் மிகச் சரியாகப் பொருந்தும்.

இச்சொல்லாராய்ச்சிக்கு இப்போது என்ன தேவை வந்தது என வாசகர் வினவலாம். ‘இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்’ என்னும் பெயரில் ஒரு நாளில் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. காவிரிப் படுகையிலுள்ள நம் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. அய்யம்பேட்டையிலும் இராஜகிரியிலும் அதிராம்பட்டினத்திலும், வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறையில் வரும் இளைஞர்கள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்விகளில் இப்போது இதுவும் ஒன்று: “ஹஜ்ரத், திங்கள், வியாழன் நோன்பு வைத்தால் எடை குறையுமாமே, எத்தனை கிலோ குறையும்? அந்த எண்ணத்தோடு வைத்தால் நோன்பு கூடுமா?” இதில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. ஒன்று ஃபிக்ஹைச் சார்ந்தது. மற்றது உடலியலைச் சார்ந்தது. முதல் வினாவுக்கு விடை பெற்றுச் செல்பவர்கள் இரண்டாவதற்கு எவரிடமும் தக்க விடை பெறாமல் போகின்றனர். மாதத்திற்கு எட்டுக் கிலோ, பத்துக் கிலோ என்ற கற்பனையோடு தொடங்கி, மூன்றாம் வாரத்தில் எடை பார்க்கும் கருவியின் முள் அசையாதது கண்டு மனம் சோர்ந்து, பத்தியத்தோடு சுன்னத்தான நோன்பையும் சேர்த்துக் கைவிட்டுவிடுகின்றனர். வருந்தத்தக்க நிலை இது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகக் காண்போம். இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 911) தம் ‘அல்அஷ்பாஹ் வந்நளாயிர்’ என்னும் நூலில், வணக்கத்தின் நிய்யத்தோடு உலகியல் நோக்கம் ஒன்றும் கலந்தால் என்னாகும் என விரிவாக ஆராய்கிறார்கள். உளூச் செய்பவர் அதனோடு உடலைக் குளிர்விக்கவும் எண்ணினால், உளூ கூடும் என்பதே வலுவான கருத்து. நோன்போடு ஹிம்யாவையோ மருத்துவத்தையோ சேர்த்து எண்ணுவதையும் இமாமவர்கள் அதே வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். ஆக, ‘பத்திய நோன்பு’ நம் நூற்றாண்டின் புதுமையன்று; ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஃபிக்ஹு நூலில் இடம்பெற்ற பொருள்தான். நோன்பு கூடும் என்பது ஒன்று. நன்மை கிட்டுமா என்பது வேறு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இரு நோக்கங்களில் எது மிகுந்திருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறார்கள். மார்க்க நோக்கம் மிகுந்திருந்தால் அதன் அளவுக்கு நன்மை உண்டு. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்களோ கலப்பு இருந்தால் நன்மையே இல்லை என்ற கடுமையான நிலைப்பாட்டை எடுக்கிறார்கள். நோன்பின் எண்ணமே இன்றி வெறுமனே பட்டினி கிடப்பவருக்கு அது பத்தியம் மட்டுமே. நோன்பு ஆகாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. நோன்பு நோற்றால் உடல்நலம் வாய்க்கும் என்னும் கருத்தமைந்த ஒரு ஹதீஸ் நம் மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. இஹ்யாவின் ஹதீஸ்களை ஆய்ந்த ஹாஃபிழ் இராக்கி (ரஹ்) அவர்கள் அதன் ஸனது பலவீனமானது எனக் குறிப்பிட்டுள்ளார்கள். பத்தியமே மருத்துவத்தின் தலை என்னும் கூற்றும் நபிமொழியன்று. அது அரபு மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவுடையது என இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். நோன்பின் மேன்மைக்கு ஐயத்துக்கிடமற்ற சான்றுகள் ஏராளமாக இருக்க, பலவீனமான தூண்களில் அதை ஏன் சாய்த்து வைக்க வேண்டும்?

இனி உடலின் கணக்கு. நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் ‘கிளைகோஜன்’ என்னும் வடிவில் சேமித்து வைக்கின்றன. இச்சேமிப்பு சுமார் அரைக் கிலோ இருக்கும். ஒரு பங்கு கிளைகோஜனோடு மூன்று, நான்கு பங்கு நீரும் சேர்ந்தே தங்குகிறது. உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இச்சேமிப்பு கரைய, நீரும் உடன் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு கிலோ குறைந்துவிட்டது என மகிழ்பவர் பெரும்பாலும் இழந்தது நீரையே. ரமளானில் அஸருக்குப் பின் எடை பார்ப்பவருக்கு இது இன்னும் மிகுதியாகத் தெரியும். பகல் முழுதும் தண்ணீரும் அருந்தாதவர் அல்லவா? இரவில் அவ்வளவும் திரும்பிவிடும்.

கொழுப்பு அப்படி எளிதில் கரைவதன்று. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்பவருக்கு மாதத்தில் 15,000 கலோரி மிச்சமாகும். ஏட்டுக் கணக்கில் இரண்டு கிலோ. நடைமுறையில் அதனினும் குறைவாகவே கிட்டும். எடை குறையக் குறைய உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்வதே காரணம். நம் பகுதியில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை ஆண்டின் பருவத்திற்கேற்ப ஏறத்தாழ 13 முதல் 14 மணி நேரம் ஆகிறது. அதன் இறுதிக் கட்டத்தில் கல்லீரலின் சேமிப்பு தாழ்ந்து, உடல் கொழுப்பை அதிகமாக எரிக்கத் தொடங்குவது உண்மைதான். ஆனால் மஃரிபுக்கும் ஃபஜ்ருக்கும் இடையில் உண்பது பகலில் எரித்ததை ஈடுகட்டிவிட்டால் நாளின் கணக்கு பூஜ்யம்.

ரமளான் நோன்பாளிகளின் எடையைப் பல நாட்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். இத்தகைய முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வு, மாத முடிவில் சராசரியாக ஒன்றேகால் கிலோ குறைவதாகக் கண்டது. 2019இல் எழுபது ஆய்வுகளைத் திரட்டிய மற்றொரு தொகுப்பு ஏறத்தாழ ஒரு கிலோ என்றது. பருமன் உள்ளவரிடம் கொழுப்பும் குறைந்திருந்தது. இயல்பான எடை உள்ளவரிடம் அம்மாற்றம் தெளிவாக இல்லை. ரமளான் முடிந்து இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்குள் இழந்த எடை பெரும்பாலும் திரும்பிவிட்டது என்பதும் அவ்வாய்வுகள் கூறும் செய்தியே. முப்பது நாள் நோன்பு நோற்றவருக்கே ஒரு கிலோ என்றால், வாரம் இரு நாள் நோற்பவர் மாதம் பத்துக் கிலோ எதிர்பார்ப்பது எங்ஙனம்?

நோன்போடு தொடர்பில்லாத மருத்துவ ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 116 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வில், நண்பகல் 12 முதல் இரவு 8 மணிக்குள் மட்டும் உண்டவர்கள் 12 வாரத்தில் 0.94 கிலோ குறைந்தார்கள்; மூன்று வேளையும் வழக்கம்போல் உண்டவர்கள் 0.68 கிலோ குறைந்தார்கள். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. எவ்வளவு உண்ண வேண்டும் என்று எவருக்கும் வரையறை சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் மாற்றினால் கிடைப்பது அவ்வளவே. சீனாவின் குவாங்சோ நகரில் பருமன் உள்ள 139 பேரிடம் நிகழ்ந்து 2022இல் வெளிவந்த ஆய்வில் கலோரியையும் குறைக்கச் சொன்னார்கள். அங்கு ஓராண்டில், காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்டவர்களுக்கு 8 கிலோவும், நேர வரையறை இன்றிக் கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்தன. இதுவும் புள்ளியியல்படி உறுதியான வேறுபாடு அன்று. எடையைக் குறைத்தது நேரமன்று, அளவே என்பது இவ்விரண்டையும் ஒப்பிட்டால் விளங்கும். நேர வரையறை அளவைக் குறைக்கச் சிலருக்கு எளிய வழியாக அமைகிறது. அதன் பயன் அதுவே.

ஒன்றுவிட்டு ஒரு நாள் உணவைக் கால் பங்காகச் சுருக்கும் முறையைச் சிகாகோவில் 100 பேரிடம் ஓராண்டு சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அம்முறையில் 6 விழுக்காடும், நாள்தோறும் சிறிது குறைத்து உண்ணும் முறையில் 5.3 விழுக்காடும் எடை குறைந்தது. ஆனால் முதல் முறையில் சேர்ந்தவருள் 38 விழுக்காட்டினர் இடையிலேயே விலகிவிட்டனர். இரண்டாவதில் 29 விழுக்காட்டினர். இதைப் படித்தபோது அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்க விரும்பியபோது, உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தில் அறிவுறுத்தி, மாதம் மூன்று நாளே போதும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இவர்கள் மேலும் மேலும் வேண்ட, இறுதியில் ஒன்றுவிட்டு ஒரு நாள் நோற்கும் தாவூத் (அலை) அவர்களின் நோன்பை அனுமதித்தார்கள். முதுமையில் அது கடினமானபோது, அன்று தரப்பட்ட சலுகையை ஏற்றிருக்கலாமே என அந்த நபித்தோழர் ஏங்கியதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நாடோறும் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக வாழத் துணிந்தவருக்கே அப்படி என்றால், மெலிய வேண்டும் என்ற ஆசையை மட்டும் நம்பி இறங்குபவர் எளிய அளவில் தொடங்குவதே அறிவுடைமை.

ஆகவே எண்பது கிலோ எடையுள்ள ஒருவர், நேர வரையறையோடு உணவின் அளவையும் குறைத்தால், மூன்று மாதத்தில் இரண்டு முதல் நான்கு கிலோ வரை எதிர்பார்க்கலாம். பெண்களுக்குப் பொதுவாக இதனினும் சற்றுக் குறையலாம். அற்பம் எனத் தோன்றும். ஆயின் உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்குகின்றன. எண்பது கிலோவுக்கு அது நான்கு கிலோதான். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும். அதனோடு இடுப்புச் சுற்றளவையும் நாடாவால் அளக்க வேண்டும். இந்தியருக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைத்துவிடலாகாது. மேலே சொன்ன கலிஃபோர்னிய ஆய்வில் குறைந்த எடையில் பெரும்பகுதி கொழுப்பாக அன்றித் தசை முதலியனவாக இருந்தமை கண்டறியப்பட்டது.

நெல் விளையும் நம் மண்ணுக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. குறுவையும் சம்பாவும் தாளடியுமாக மூன்று போகம் கண்ட தஞ்சைத் தரணியில் சோறுதான் உணவு, மற்றவையெல்லாம் தொட்டுக்கொள்ள. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கதிர் அறுத்த உடல் அச்சோற்றை எரித்துவிட்டது. இன்று வயலில் இயந்திரங்கள் நடுகின்றன, அறுக்கின்றன; நம்மவரில் பலரோ கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருக்கின்றனர். தட்டிலுள்ள சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. 150 கிராம் சோற்றில் ஏறத்தாழ 200 கலோரி உண்டு. 21 நாடுகளில் 1.32 இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளையரிசிச் சோறு உண்பவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவரைவிட மிகுதி என்றது. தெற்காசியாவில் அவ்வேறுபாடு சுமார் 60 விழுக்காடு. அந்த 450 கிராமை நம்மில் பலர் மதிய வேளையிலேயே முடித்துவிடுகிறோம்.

நோன்புக் கஞ்சியைச் சிலர் குறை கூறுகின்றனர். அது நியாயமன்று. பச்சரிசியும் சிறுபருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் சேர்த்து, சிறிது கறியோடு பள்ளிவாசலில் காய்ச்சப்படும் அக்கஞ்சியில் நீரே மிகுதி. ஒரு கோப்பை அருந்தினால் வயிறு நிறையும். அரிசி கொஞ்சமே உள்ளே போகும். சிக்கல் அதன் சுற்றத்தில் இருக்கிறது: சமோசா, வடை, பஜ்ஜி, வாடா, சீனி கரைத்த சர்பத், கடல்பாசி. தராவீஹ் முடிந்ததும் பரோட்டா. ஸஹரில் மீண்டும் சோறு. பகலில் உண்ண வேண்டியதையும் இரவில் சேர்த்து உண்பவர், ரமளானுக்கென்றே வகைவகையாய் உணவைச் சேமித்து மற்ற மாதங்களைவிட மிகுதியாய் உண்பவர் ஆகியோரை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் கடிந்துகொள்கிறார்கள். நோன்பால் அவர் அடைந்தது என்ன என்று வினவுகிறார்கள். இமாமவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 505இல். நம் இஃப்தார் விரிப்புகளைப் பார்த்தே எழுதினார்களோ என ஐயுறத் தோன்றுகிறது.

நீரிழிவு உள்ளவர் இதை வேறு விதமாக அணுக வேண்டும். 13 நாடுகளில் 2001ஆம் ஆண்டு ரமளானை ஒட்டிப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவாளரிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடையே மருத்துவமனையில் சேர்க்க நேரும் அளவுக்குச் சர்க்கரை தாழ்வது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு உயர்ந்திருந்தது. இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவரும் எடை குறைய வேண்டும் என்று தாமாகவே உண்ணாதிருத்தல் ஆபத்து. மாத்திரையைத் தாமே நிறுத்துதல் அதனினும் ஆபத்து. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நஃபில் நோன்புக்கும் இதுவே முறை. நோன்பு நேரத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகை திருக்குர்ஆனில் நோன்பைக் கடமையாக்கிய வசனங்களோடு சேர்ந்தே இருக்கிறது. விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சிப் பரிசோதிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் நம் மஹல்லாக்களில் இன்றும் இருக்கிறார்கள். ஹிஜாமாவால்கூட நோன்பு முறியாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலை. ஒரு துளி இரத்தம் எடுப்பதால் முறிய வழியே இல்லை.