மேல்தளத்தில் இறங்கும் சுண்ணாம்பு விழுது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, பழைய கான்கிரீட் வீட்டின் மாடிக் குடித்தனத்தில் அண்ணாந்து பாருங்கள். மழைக்காலத்தில் ஒழுகிய இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடியிருக்கும். சில வீடுகளில் அந்தக் கோட்டிலிருந்து ஓர் அங்குல நீளத்துக்கு வெள்ளை விழுது தொங்கும். தொட்டால் நொறுங்கும், உள்ளே குழலாக இருக்கும். குகைகளின் கூரையில் தொங்கும் சுண்ணாம்பு விழுதுக்கு இது நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட். குகை விழுது ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர் வளர்வதே அரிது. கான்கிரீட் விழுதோ, ஒழுகல் தோதாக அமைந்தால், ஒரே நாளில் அவ்வளவு வளர்ந்துவிடும்.

ஏன் இந்த வேகம்? சிமென்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சுண்ணாம்புதான் இது. தளத்தின் விரிசலுக்குள் இறங்கும் மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே வந்து, துளியாகத் தொங்கி நிற்கிறது. அறைக் காற்றிலுள்ள கரியமில வாயுவை அந்தத் துளி இழுத்துக்கொள்ள, அதன் விளிம்பில் வெள்ளை வளையம் படிகிறது. அடுத்த துளி அடுத்த வளையம். வளையத்தின் மேல் வளையமாகக் குழல் நீள்கிறது.

பார்க்க அழகுதான். ஆனால் அங்கே தொங்குவது தளத்தின் கவசம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி எப்படி ஐம்பது, அறுபது ஆண்டு துருப்பிடிக்காமல் கிடக்கிறது? அதைக் காப்பது இந்தச் சுண்ணாம்பின் காரத்தன்மை. புதுக் கான்கிரீட்டின் துளைகளில் உள்ள நீரின் பிஹெச் அளவு 12.5க்கும் மேல். அவ்வளவு காரத்தில் கம்பியைச் சுற்றி, சில நானோமீட்டர் கனத்தில், கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. அது இருக்கும்வரை துரு நெருங்காது.

அந்தக் காரத்தை இரண்டு வழிகளில் தளம் இழக்கிறது. ஒழுகும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போவது ஒன்று. காற்றின் கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே புகுந்து சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றுவது மற்றொன்று. பிஹெச் 9 அளவுக்கு இறங்கினால் படலம் கலைந்துவிடும். தளக் கம்பிக்கும் அறைக் காற்றுக்கும் நடுவே பெரும்பாலும் 20 மில்லிமீட்டர் கான்கிரீட்தான் இருக்கிறது. கம்பிக்கு அடியில் ‘கவர் பிளாக்’ வைக்க மேஸ்திரி மறந்த இடத்தில் அதுவும் இல்லை. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த அழிவை இன்னும் விரைவுபடுத்துகிறது.

துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் அதற்கு இடம் ஏது? உள்ளிருந்தே நெம்புகிறது. முதலில் கம்பியின் தடத்திலேயே நீளமான விரிசல், பிறகு உப்பல், ஒருநாள் தொட்டிலுக்குப் பக்கத்தில் பூச்சோடு பெயர்ந்து விழும் ஒரு கட்டி.

இவ்வளவுக்கும் தொடக்கம் மொட்டை மாடியில் இருக்கிறது. பத்து மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சித்திரை வெயிலில் தினமும் இப்படி மூச்சுவிடும் தளம், கைப்பிடிச் சுவரைத் தொடும் மூலையில் கீறல் விடுகிறது. தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டையால் அடித்து, தட்டோடு பதிப்பது இந்த வெயிலையும் மழையையும் தாங்கிக்கொள்ளத்தான். தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து இதையே செய்தார்கள். தட்டோட்டின் இணைப்பில் சாந்து உதிர்ந்தாலோ, மழைநீர்க் குழாயின் வாயைச் சருகு அடைத்தாலோ, தேங்கும் தண்ணீர் கீறலைக் கண்டுபிடித்துவிடும்.

வாடகை வீட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நோய் மேலே, அறிகுறி கீழே. மாடிச் சாவி உரிமையாளரிடம். அண்ணாந்து பார்ப்பவர் குடியிருப்பவர். 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குடியிருப்பவரால் நேர்ந்த சேதம் மட்டுமே விலக்கு. ஆனால் முதல் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சொல்லும் வாயும், அதைக் குறையாக எண்ணாமல் கேட்கும் காதும் சட்டத்தால் வருவதில்லை. காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று குடியிருப்பவர் அடக்கிக்கொள்ளும் ஒவ்வொரு மழைக்காலமும் தளத்தின் ஆயுளில் கழிகிறது.

கீழே பட்டி பார்த்து வெள்ளையடித்தால் கோடு மறையும், ஒழுகல் நிற்காது. கோட்டளவில் இருக்கும்போது மாடியில் இணைப்பை அடைத்து, வாட்டத்தைச் சரிசெய்தால் போதும். கம்பி தெரிந்துவிட்டால் உப்பிய கான்கிரீட்டைக் கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, காப்புப் பூச்சிட்டு, ஒட்டும் கலவையால் அடைக்க வேண்டும். கம்பியே மெலிந்துவிட்டால், முட்டுக் கொடுத்துத் தளத்தை இடித்துப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை. அப்போது அந்தக் குடும்பம் வேறு வீடு தேடியாக வேண்டும்.

புதுத் தளம் போட்டதும் அதன்மேல் பாத்தி கட்டி ஒரு வாரத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிறுத்துவார்கள். சிமென்ட் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. கம்பியைக் காக்கும் சுண்ணாம்பும் அப்போதுதான் பிறக்கிறது. பிறகு பாத்தியை உடைத்து நீரை வடியவிடுவார்கள். அன்றிலிருந்து அந்தத் தளத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன் உரிமையாளரும் குடியிருப்பவரும் ஒருமுறை சேர்ந்து மாடியேறி, குழாய் வாயிலிருக்கும் சருகை அள்ளிப் போட்டுவிட்டு வந்தால், அந்த விழுது இறங்க வேண்டிய அவசியமே இராது.