மழைக்கு வெடிக்கும் கனகாம்பரம்

"வானம் மூட்டமா இருக்கு, கனகாம்பரக் கதிரை ஒடிச்சு உள்ளே வை" என்பார் அப்பத்தா. பூவெல்லாம் உதிர்ந்து பழுப்பேறிப்போன கதிரைத்தான் சொல்வார். ஒரு தூறல் விழுந்தால் போதும், காய்கள் வெடித்து விதை முழுவதும் வாசலில் தெறித்துவிடும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. காய்ந்த கதிர் ஒன்றைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோவோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு 'டிக்' என்று ஒன்று, அடுத்து நாலைந்து சேர்ந்தாற்போல். காய்க்கு இரண்டு ஓடு, உள்ளே நான்கு விதை. ஒவ்வொரு விதைக்கும் அடியில் கொக்கி மாதிரி ஒரு காம்பு உண்டு. ஓடு பிளக்கும்போது அந்தக் கொக்கிதான் விதையை உந்தித் தள்ளுகிறது. ஈரம் பட்டால்தான் திறப்பது என்பது செடியின் கணக்கு. விதை விழும்போது மண் நனைந்திருக்கும் அல்லவா?

கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பெயர் வடமொழி, செடி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தம். முழங்கால் உயரம், மிஞ்சினால் மூன்றடி. பச்சைக் கதிரின் அடியிலிருந்து தொடங்கி இரண்டு மூன்றாக மேல்நோக்கிப் பூத்துக்கொண்டே போகும். பூவைக் கிள்ளிப் பாருங்கள்: நூல் போன்ற குழல், அதன் நுனியில் ஒரே பக்கமாக விரிந்த விசிறி. அந்தக் குழலில்தான் நாரைச் சுற்றிக் கட்டுகிறார்கள். மணம் துளியும் இல்லை. மல்லிகையை வைத்துக்கொண்டு இதையும் ஏன் கட்டுகிறார்கள் என்றால், நிறத்துக்கும் உழைப்புக்கும்தான். காலையில் வைத்த மல்லிகை மாலையில் பழுத்துவிடும். கனகாம்பரம் மறுநாளும் அப்படியே இருக்கும். காற்றாய்க் கனக்கும் பூ என்பதால் பறிக்கிறவர் பாடுதான் பெரும்பாடு. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் கிள்ள வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறுவதைக் குறை சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

இன்று நர்சரியில் கேட்டால் பெரும்பாலும் 'டெல்லி கனகாம்பரம்' தருவார்கள். பெயரில்தான் டெல்லி; கடுங்குளிர் இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. பூ பெரிது, நிறம் அடர்த்தி. ஆனால் இது மும்மடங்கு குரோமோசோம் கொண்ட ரகம், விதை கட்டாது. சொம்பில் போட்டால் சத்தமே வராது! நுனிக் குச்சியை இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்துத்தான் பெருக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு என் ஓட்டு நாட்டுக் கனகாம்பரத்துக்குத்தான். ஒரு செடி வைத்தால் அடுத்த வருஷம் படிக்கல் இடுக்கிலும் முளைத்து நிற்கும்.

விதையை அந்த வருஷமே விதைத்துவிடுங்கள். பழசானால் முளைப்பு குறையும். ஆடி மாதம் தோது. செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்த தொட்டியில் தூவி, மேலே விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல். நாற்று நாலைந்து இலை விட்டுத் தடித்ததும் ஒன்றரை, இரண்டடி இடைவெளியில் நடலாம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் இடமென்றால் செழிக்கும். நட்ட இரண்டு மூன்று மாதத்தில் பூ. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் போதும்.

நான் முதலில் கொன்றது மூன்று செடிகளை. இலை மஞ்சளடித்து, வளர்ச்சி நின்றது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு. நூற்புழு! கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழுதான் கனகாம்பரத்தின் பரம வைரி. அது வேரைக் காயப்படுத்த, அந்த வழியே வாடல் நோயும் நுழைகிறது. தண்ணீர் தேங்கினால் கேட்கவே வேண்டாம். இப்போது குழியில் ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போட்டுத்தான் நடுகிறேன். பக்கத்தில் கேந்திச் செடி. அதன் வேர்ச் சாறு நூற்புழுவுக்கு ஒத்துக்கொள்ளாது. செடி செத்த தொட்டி மண்ணில் மறுபடி கனகாம்பரம் வைப்பதில்லை.

காய்ந்த கதிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட்டால் புதுக் கதிர் வேகமாக வரும். விதைக்கென்று நாலைந்தை மட்டும் விட்டு, பழுப்பேறியதும் காகிதப் பையில் போட்டு மடித்து வையுங்கள். பையை மட்டும் சமையலறைச் சன்னலோரம் வைக்காதீர்கள். சாரல் அடித்த ஒரு ராத்திரி, என் பையிலிருந்து வந்த சத்தத்துக்கு வீடே எழுந்து எலி தேடியது.