பேரிக்காய் வற்றல் ரொட்டி

தென் ஜெர்மனியின் ஸ்வாபியா வட்டாரத்தில், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வீடுகளில் ஹுட்செல்ப்ரோட் மணக்கும். ஹுட்செல் என்றால் சுருங்கக் காய்ந்த பேரிக்காய். பவேரியாவில் இதே வகை ரொட்டிக்குக் கிளெட்சென்ப்ரோட் என்று பெயர்.

பேரிக்காய் வற்றலை முதல்நாள் இரவே ஊறவைத்து, மெத்தென்று வேகவைக்கிறார்கள். வெந்த நீரை மட்டும் கொட்டிவிடவே கூடாது. மாவைப் பிசைவதே அந்த இனிப்பு நீரில்தான். ருசியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கூடவே உலர்ந்த பிளம், அத்தி, திராட்சை, வால்நட், பட்டை, கிராம்பு. பழங்களை ஒட்டிப் பிடிக்கும் அளவுக்கு மாவு இருந்தால் போதும்.

சுட்டவுடன் ஆசைப்பட்டு வெட்டிவிடாமல், சுற்றிச் சில நாள் வைக்க வேண்டும். பழத்தின் ஈரமும் பட்டை கிராம்பின் மணமும் அப்போதுதான் உள்ளெங்கும் பரவும். பழச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் வாரக்கணக்கில் கெடாது. மெல்லியதாக நறுக்கி, வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள்.

ஜெர்மன் எழுத்தாளர் எடுவார்ட் மோரிக்கே 1853-இல் வெளியிட்ட கதையில், செருப்புத் தைக்கும் இளைஞனுக்கு ஒரு மாயக் குள்ளன் இந்த ரொட்டியைத் தருகிறான். எவ்வளவு தின்றாலும், ஒரு துண்டு மிச்சம் வைத்தால் அது மறுபடி முழு ரொட்டியாகிவிடும்!