ஆங்கிலக் கவிதையில் நம் வீட்டு மூதாட்டிகள்

ஆங்கிலக் கவிதை என்றவுடன் நம்மில் பலருக்குக் கல்லூரி நாட்களில் மனனம் செய்த பாடல்கள்தாம் நினைவுக்கு வரும். நாம் கண்டிராத மலர், கேட்டிராத பறவை, பட்டறியாத பனிக்காலம். தேர்வு முடிந்தது, பாடலும் மறந்தது. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் அம்மொழியில் வெளிவந்த கவிதைகளைப் புரட்டிப் பார்ப்பவர் வியப்படையவே செய்வார். தொழுகைக்காக உளூச் செய்யும் பாட்டியார் அங்கே இருக்கிறார். பேரீச்சம்பழம் பொதிந்த பலகாரம் இருக்கிறது. பிறப்பும் இறப்பும் குறித்து வைக்கப்பட்ட பழைய குர்ஆன் பிரதி இருக்கிறது.

மோஹ்ஜா கஹ்ஃப் என்னும் கவிஞர் 1967-இல் டமாஸ்கஸ் நகரில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாகப் பணியாற்றியவர். 2003-இல் வெளியான அவரது கவிதைத் தொகுப்பில் ஒரு கவிதை உள்ளது. ஸியர்ஸ் என்பது ஒரு காலத்தில் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்கள் சட்டி பானை முதல் சட்டை வரை வாங்கிய பெருங்கடை. அங்கே பேத்தியுடன் சென்ற பாட்டியாருக்குத் தொழுகை நேரம் வந்துவிடுகிறது. கடையை விட்டு வெளியேறினால் வக்து தப்பிவிடும். எனவே பெண்கள் கழிவறையில் கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து உளூச் செய்கிறார்.

அங்கிருந்த அமெரிக்கச் சீமாட்டிகளுக்கு அதிர்ச்சி. கை கழுவும் இடத்தில் காலா? அவர்களில் ஒருவர் வாய் திறந்து கண்டித்தும் விடுகிறார். பாட்டியாரோ சளைப்பவர் அல்லர். தம் கால் அந்தத் தொட்டியைவிடத் தூய்மையானது என்று அரபு மொழியில் பொரிந்து தள்ளுகிறார். இருவருக்கும் நடுவே பேத்தி நிற்கிறாள். அவர்கள் சொன்னது இவருக்கும், இவர் சொன்னது அவர்களுக்கும் விளங்காது; விளங்கச் செய்யக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

அவள் என்ன செய்கிறாள்? எதையும் மொழிபெயர்க்கவில்லை. பாட்டியார் ஏதோ இனிமையாகச் சொன்னதுபோல அந்தப் பெண்களைப் பார்த்துப் புன்னகைக்கிறாள். அவர்கள் வருத்தம் தெரிவித்துவிட்டதுபோலப் பாட்டியாரிடம் காட்டிக்கொள்கிறாள். பிறகு எல்லாரும் வெளியேறக் கதவைத் திறந்து பிடிக்கிறாள். வெளியே விலை குறைக்கப்பட்ட வீட்டுப் பாத்திரங்களுக்கு நடுவே அனைவரும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

இது பொய்யா என்று கேட்கலாம். மக்களிடையே இணக்கம் ஏற்படுத்துவதற்காக நல்லதைச் சொல்பவர் பொய்யராக மாட்டார் என்னும் கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். எனக்கு அதைவிட வேறொன்று உறுத்துகிறது. பாட்டியாரின் சுத்தத்தையும் சீற்றத்தையும் இத்துணை அழகாகச் சொல்லும் கவிதை, பாட்டியாருக்கு விளங்காத மொழியில் இருக்கிறது. பேத்தி அவரை உலகுக்குக் காட்டிவிட்டாள். அவரால் அதைப் படிக்க இயலாது. வளைகுடாவிலும் மேலைநாடுகளிலும் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தொலைபேசியில் நலம் விசாரித்ததும் பேச்சு நின்றுவிடும் நம் வீட்டு மூதாட்டிகளுக்கு இந்த உறுத்தல் புதிதன்று.

நவோமி ஷிஹாப் நை 1952-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். தந்தையார் ஜெருசலத்தைச் சேர்ந்த பாலஸ்தீனர், தாயார் அமெரிக்கர். 1948-இல் வீட்டை இழந்த குடும்பம் தந்தையாருடையது. அந்த இழப்பைப் பற்றி அவர் மேடைப்பேச்சு நிகழ்த்துவதில்லை. ஓர் அத்தி மரத்தைப் பற்றி எழுதுகிறார். தந்தையார் வேறெந்தப் பழத்தையும் பொருட்படுத்துவதில்லை. எப்போதும் அத்திப்பழப் பேச்சுத்தான். ஆனால் வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே இருந்தும் ஓர் அத்திக் கன்றை நட்டாரில்லை. கடைசியாக டெக்ஸாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் அமைந்த வீட்டில் ஓர் அத்தி மரம் நிற்கிறது. கவிதை அவ்வளவுதான். ஒரு தேசத்தை இழந்தவரின் கதையைப் பழக்கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

அவரே எழுதிய மற்றொன்று, கவிதைக்கும் உரைநடைக்கும் இடைப்பட்டது. ஆல்புகெர்க்கி விமான நிலையத்தில் பயணம் தாமதமாகிறது. பாலஸ்தீனக் கைத்தையல் ஆடை அணிந்த ஒரு மூதாட்டி தரையில் அமர்ந்து அழுகிறார். மறுநாள் எல் பாஸோ நகரில் அவருக்கு மருத்துவச் சிகிச்சை. விமானமே இல்லையென்று தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார். அரபு தெரிந்தவர் எவரேனும் உண்டா என்று அறிவிப்பு வருகிறது. கவிஞர் தமக்குத் தெரிந்த அரைகுறை அரபில் பேசியதும் அழுகை நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் மூதாட்டி பையிலிருந்து மஃமூல் என்னும் பலகாரத்தை எடுத்து அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் வழங்குகிறார். ஒருவரும் வேண்டாமென்று மறுக்கவில்லை. அந்த அரைகுறை அரபு இல்லாதிருந்தால்? பிள்ளைகளுக்கு வீட்டு மொழி கொஞ்சமாவது இருக்கட்டும் என்று பாடுபடும் தாய்மார்கள் இதைப் படிக்க வேண்டும்.

இம்தியாஸ் தார்க்கர் 1954-இல் லாகூரில் பிறந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வளர்ந்தவர், மும்பையிலும் வாழ்ந்தவர். 2014-இல் பிரிட்டிஷ் அரசியாரின் கவிதைத் தங்கப் பதக்கம் பெற்றார். மும்பைச் சேரியில் குழாய் வெடித்து நீர் பீறிட, குடத்தோடும் வெறுங்கையோடும் மக்கள் ஓடிவருவதை ஒரு கவிதையில் வரைந்திருக்கிறார். அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பாடமாக இருந்தது. 2006-ஆம் ஆண்டுத் தொகுப்பில் மெல்லிய தாளைப் பற்றி ஒரு கவிதை. பல கைகள் புரட்டிப் புரட்டி ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ந்த குர்ஆன் பிரதியின் பின்தாளில், யார் யாருக்குப் பிறந்தார், யார் எப்போது இறந்தார் என்று குடும்பத்தார் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பழைய பிரதியிலும் அப்படி ஒரு தாள் உண்டு. பாட்டனார் அரபுத் தமிழில் எழுதினார். வாப்பா தமிழில் எழுதினார்கள். என் பேரனின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இவர்கள் அனைவரிலும் என் மனத்தை அதிகம் கவர்ந்தவர் ஆகா ஷாஹித் அலி. 1949-இல் டில்லியில் பிறந்து ஸ்ரீநகரில் வளர்ந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கவிதை கற்பித்தவர். சமையலில் தேர்ந்தவர், ரோகன் ஜோஷ் பக்குவத்தில் இம்மியும் பிசகக்கூடாது என்பாராம். அவரது நண்பரான எழுத்தாளர் அமிதவ் கோஷ் எழுதிய நினைவுக் கட்டுரையில் அந்தச் சமையல் மணத்தைக் காணலாம். அக்கட்டுரை மத்திய அரசின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது.

1990-இல் காஷ்மீரில் கலவரம் மூண்டபோது பல மாதங்கள் தபால் பட்டுவாடா நடைபெறவில்லை. கடிதங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலில் யாருடைய தாய்க்கு யார் எழுதிய நலம், யாருடைய நிக்காஹ் அழைப்பு, யாருடைய மரணச் செய்தி கிடந்ததோ! 1997-இல் வெளிவந்த ஷாஹித் அலியின் நூலுக்கு 'அஞ்சல் நிலையம் இல்லாத நாடு' என்பதே பெயர். துப்பாக்கியையும் ஊரடங்கையும் எழுத எத்தனையோ பேர் இருந்தார்கள். சேராத கடிதத்தை எழுத இவர் இருந்தார்.

அதே 1997-இல் அவருடைய தாயார் அமெரிக்காவில் மூளைக் கட்டி நோயால் மறைந்தார். ஜனாஸாவைக் காஷ்மீருக்குக் கொண்டு சென்று அடக்கம் செய்தார்கள். அந்தப் பயணமே 2001-இல் வந்த அடுத்த தொகுப்பின் உயிர். அவ்வாண்டு டிசம்பரில் அதே வகை நோய் மகனையும் கொண்டு சென்றது. அவரது அடக்கம் அமெரிக்க மண்ணில்தான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அமெரிக்கக் கவிஞர்கள் ஈரடிகளைத் தொடர்பின்றி அடுக்கிவிட்டு அதற்குக் கஸல் என்று பெயரிட்டு வந்தனர். ரதீஃபும் காஃபியாவும் இல்லாதது எப்படிக் கஸலாகும் என்று இவர் வாதிட்டார். ஒவ்வோர் ஈரடியின் முடிவிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ரதீஃப். அதற்கு முன் ஒலிக்கும் இயைபு காஃபியா. இவ்விலக்கணம் வழுவாத ஆங்கிலக் கஸல்களைப் பலரிடம் எழுதி வாங்கி 2000-இல் ஒரு தொகை நூலாக்கினார். கஸலைத் தமிழில் கொண்டுவந்த கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களின் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' நூலைப் படித்தவர்களுக்கு இந்த வடிவத்தின் சுவை தெரியும்.

கஸலின் இறுதி ஈரடியில் கவிஞர் தம் பெயரைப் பொதிந்து வைப்பது மரபு. ஷாஹித் அலியின் கஸல்கள் அவர் மறைவுக்குப் பின் 2003-இல் நூலாயின. அவற்றில் அரபு மொழியையே ரதீஃபாகக் கொண்டது ஒன்று. அதன் முடிவில் தம் பெயருக்கு அவரே பொருள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஷாஹித் என்றால் பாரசீகத்தில் அன்புக்குரியவர், அரபியில் சாட்சி.