விபத்தில்லாத நாட்கள் 212

சுமார் இருபது வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பலகைக்கு மென்பொருள் எழுதினேன். சென்னைக்கு வெளியே, உலோகத் தகடுகளை பிரஸ்ஸில் அழுத்தி வண்டி பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். கேட்டைத் தாண்டியதும் கண்ணில் படுகிற இடத்தில் சிவப்பு எல்இடி போர்டு. மேலே "விபத்தில்லாத நாட்கள்" என்று இருக்கும், கீழே ஒரு எண். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எண் ஒன்று கூடும். அவ்வளவுதான்.

அவர்கள் கேட்ட ஒரே கூடுதல் வசதி இதுதான்: எண்ணைக் கூட்டுவது தானாக நடக்க வேண்டும், ஆனால் ஜீரோ ஆக்குவதற்கு இரண்டு அதிகாரிகள் தனித்தனியாக பாஸ்வேர்டு போட வேண்டும். யாராவது விளையாட்டுக்கு அழுத்திவிடக் கூடாது இல்லையா? நல்ல டிசைன் என்று நினைத்துப் பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

சோதித்துப் பார்க்கப் போன அன்று டைம் ஆபீஸ் பெஞ்சில் ஒருவர் வலது கையில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் முன்னால் டீயும் ஒரு பழைய பேப்பரும். என்ன ஆச்சுண்ணே என்று கேட்டேன். "பிரஸ்ல மாட்டிக்கிச்சு தம்பி, முந்தாநேத்து. ரெண்டு விரல் நுனி போச்சு. வீட்ல இருந்தா போர்டு ஜீரோ ஆயிடுமாம். வந்து கையெழுத்து போட்டுட்டு சும்மா உட்காருன்னாங்க." ஜன்னல் வழியாகப் பார்த்தால் போர்டு தெரிந்தது. 212.

அந்த எண்ணைப் பற்றி அன்றிலிருந்து அவ்வப்போது படித்து வருகிறேன். பணியிடப் பாதுகாப்புக்குக் காட்சிப் பலகைகள் உதவுமா என்று கேட்டால், உதவும் என்றுதான் சொல்வேன். ஆனால் எந்தப் பலகை என்பதில்தான் விஷயம் இருக்கு. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பெஞ்சில் உட்கார வைப்பது ஏன்?

அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்தது 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம். அதன் 88ஆம் பிரிவின்படி, விபத்தில் அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் நிர்வாகம் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். உலகம் முழுக்க இதுபோல ஏதோ ஒரு கோடு உண்டு. காயத்தால் வேலைநேரம் போனதா இல்லையா என்பதுதான் பொதுவான அளவுகோல். "விபத்தில்லாத நாட்கள்" என்று போர்டில் எழுதியிருந்தாலும், பெரும்பாலும் அதன் பொருள் "வேலைநேரம் இழக்காத நாட்கள்" என்பதுதான்.

இப்போது புரியும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிட்டால் காகிதத்தில் அவர் வேலைக்கு வந்தவர். விரல் போயிருக்கும், நேரம் போகவில்லை. எண் அப்படியே ஓடும்.

இதில் வில்லன் என்று ஒருவரைத் தேட வேண்டியதில்லை. எண் பெரிதாகப் பெரிதாக எல்லோருக்கும் அதைக் காப்பாற்றும் ஆசை வந்துவிடும். 250ஆம் நாள் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் என்று அறிவித்துவிட்டால், 249ஆம் நாள் அடிபட்டவன் என்ன செய்வான்? கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருப்பான். சூப்பர்வைசருக்கு பயந்து மட்டும் இல்லை, கூட வேலை செய்கிறவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமலும்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2012இல் இதைப் பற்றியே ஒரு சுற்றறிக்கை விட்டது. குழுவில் ஒருவருக்கும் காயமில்லை என்றால் எல்லோருக்கும் போனஸ் என்பது போன்ற திட்டங்கள் காயத்தைக் குறைக்காமல் காயம் பற்றிய தகவலைக் குறைத்துவிடலாம் என்பதுதான் அதன் எச்சரிக்கை.

எண் உண்மையாகவே இருந்தாலும்

சரி, யாரும் எதையும் மறைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண் நிறையச் சொல்வதில்லை. ஒரு சின்னக் கணக்கு.

ஒரு ஆலையில் சராசரியாக 200 நாளுக்கு ஒரு விபத்து, முன்பின் தொடர்பில்லாமல் எதேச்சையாக நடக்கிறது என்று கொள்வோம். ஒரு விபத்துக்குப் பின் 200 நாள் சுத்தமாக ஓடுவதற்கான வாய்ப்பு சுமார் 37 சதவீதம். 400 நாள் ஓடுவதற்கு சுமார் 13.5 சதவீதம். இதே நிலைமையில் ஏழெட்டு ஆலைகள் இருந்தால், அதில் ஒன்று எதையுமே மாற்றாமல் 400 நாள் போர்டு மாட்டி கேக் வெட்டிவிடும். அதே பிரஸ், அதே பழக்கம், கொஞ்சம் அதிர்ஷ்டம்.

இன்னொரு குறையும் உண்டு. கை வழுக்குவது, கால் இடறுவது போன்ற சின்ன விபத்துகளும், மொத்த இடமும் வெடித்துச் சிதறுகிற பெரிய விபத்துகளும் ஒரே காரணத்தால் வருவதில்லை. முதலாவதை எண்ணி இரண்டாவதை அளக்க முடியாது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். அதே நாளில் பிபி, டிரான்ஸ்ஓஷன் நிறுவனங்களின் மேலதிகாரிகள் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். வேலைநேர இழப்புக் காயம் இல்லாமல் ஏழு வருடம் ஓட்டியதற்கு ஊழியர்களைப் பாராட்டுவதும் அந்த வருகையின் நோக்கங்களில் ஒன்று. அந்த ஏழு வருடக் கணக்கு பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிணற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்த அழுத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஞாபகப்படுத்தவாவது உதவாதா?

நண்பர்களிடம் இதைச் சொன்னால் வருகிற கேள்வி இது. எண் சரியோ தப்போ, பார்க்கிறவன் ஒரு நிமிஷம் ஜாக்கிரதையாக இருப்பான் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதைப் பெரிய அளவில் சோதிக்க ஒரு வாய்ப்பு தற்செயலாகக் கிடைத்தது, தொழிற்சாலையில் இல்லை, சாலையில்.

டெக்சாஸ் மாநிலத்தில் 2012 ஆகஸ்டிலிருந்து நெடுஞ்சாலை மின்பலகைகளில் "இந்த ஆண்டு சாலை இறப்புகள் இத்தனை" என்று மாதத்தில் ஒரு வாரம் மட்டும் காட்டினார்கள். காட்டிய வாரத்தையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட்டு ஜோனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2022இல் சயன்ஸ் இதழில் கட்டுரை எழுதினார்கள். இறப்பு எண்ணைக் காட்டிய வாரத்தில், பலகையைத் தாண்டிய 10 கிலோமீட்டருக்குள் விபத்துகள் 4.5 சதவீதம் கூடியிருந்தன. எண் பெரிதாக இருந்தபோது பாதிப்பும் அதிகம். பயமுறுத்துகிற எண் ஓட்டுநரின் கவனத்தைச் சாலையிலிருந்து இழுத்துவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

சாலையும் பட்டறையும் ஒன்றல்ல. ஆனாலும் எனக்குப் பட்டது இது: ஒரு பலகை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் நீட்டினால், அது சும்மா இருக்கும் என்று கூட உறுதியில்லை. கெடுதலும் செய்யலாம்.

வேலை செய்கிற பலகைகள்

நான் படித்ததிலும், பின்னால் வேறு ஆலைகளில் பார்த்ததிலும் மூன்று வகை எனக்குப் பிடித்தவை. மூன்றுமே ஜப்பான் பக்கம் இருந்து வந்தவை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய வண்டி நிறுவனங்களும் அவற்றுக்குப் பாகம் செய்கிறவர்களும் நிறைய பேர் இருப்பதால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இவை புதிதில்லை.

முதலாவது, பச்சைச் சிலுவை. பச்சை நிறக் கூட்டல் குறி ஜப்பானில் 1919இல் டோக்கியோவில் நடந்த பாதுகாப்பு வாரத்தில் அறிமுகமான சின்னம். இப்போது பல ஆலைகளில் அதே வடிவத்தில் 31 கட்டங்கள் போட்டு மாதக் காலண்டர் மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்காத நாளுக்குப் பச்சை, சின்னக் காயம் அல்லது நூலிழையில் தப்பிய சம்பவத்துக்கு மஞ்சள், பெரிய காயத்துக்குச் சிவப்பு. போர்டு எண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு மஞ்சள் கட்டம் போட்டால் 211 நாள் அழிந்துபோவதில்லை. அதனால் மஞ்சள் போடப் பயம் குறைவு. ஒரு மாதம் முழுக்க மஞ்சளே இல்லை என்றால் நல்ல சூப்பர்வைசர் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்படுவார்.

இரண்டாவது, கேஒய் பலகை. ஜப்பானியத்தில் கிக்கென் யோச்சி, அதாவது ஆபத்தை முன்கூட்டியே ஊகிப்பது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் நாலைந்து பேர் ஒரு சின்ன வெள்ளைப் பலகையைச் சுற்றி நிற்பார்கள். இன்றைய வேலை என்ன, அதில் என்ன தப்பாகலாம், அதற்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று அவர்களே எழுதுவார்கள். பிறகு விரலை நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சொல்வார்கள். பலகையைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் முக்கியம். பேச்சுக்கு ஒரு இடம் வேண்டும், அதற்குத்தான் பலகை.

மூன்றாவது, டொயோட்டாவால் புகழ்பெற்ற ஆண்டான். தலைக்கு மேலே ஒரு விளக்குப் பலகை. தொழிலாளி ஏதோ சரியில்லை என்று நினைத்தால் பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுப்பார். அவருடைய இடத்தின் எண் பலகையில் எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட தூரம் நகர்வதற்குள் சரியாகவில்லை என்றால் அசெம்பிளி லைன் நின்றுவிடும். முதலில் தரத்துக்காக வந்தது, பாதுகாப்புக்கும் அதே முறை பொருந்தும். இங்கே பலகையை மாற்றும் உரிமை கீழே நிற்கிறவர் கையில் இருக்கிறது. நான் எழுதிய மென்பொருளில் அது இரண்டு அதிகாரிகளின் பாஸ்வேர்டில் இருந்தது.

அந்த பிரஸ்ஸின் கதை

பெஞ்சில் இருந்த அண்ணன் அன்று இன்னொன்றும் சொன்னார். அந்த பிரஸ் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்க வேண்டும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படி ஒரு அமைப்பு. ஆனால் டார்கெட்டை எட்ட ஒரு பட்டனை அழுத்தினபடியே ஆப்பு வைத்துவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். எல்லா ஷிஃப்டிலும் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் இரண்டு பேர் நூலிழையில் தப்பியிருக்கிறார்கள். அதை எழுத அந்த போர்டில் இடம் இல்லை. ஒரு எண்ணுக்குத்தான் இடம் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. போர்டை எப்படி ஜீரோ ஆக்குவது என்று கேட்டார்கள். அதுவரை தேவையே வராததால் இரண்டு பேரில் ஒருவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டிருந்தார். அதே பிரஸ். இந்த முறை ஒரு கான்ட்ராக்ட் பையன், வயது இருபது கூட இருக்காது. நாலு விரல். பெஞ்சில் உட்கார வைக்கிற அளவு காயம் இல்லை அது.

இன்றைக்கு யாராவது என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தால் வேறு மாதிரி எழுதுவேன். பலகையில் நாள் எண் இருக்காது. இன்று கண்ட ஆபத்துகள் வரிசையாக இருக்கும்: எந்த மெஷின், என்ன பிரச்சனை, யார் சரி செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். தேதி தாண்டினால் அந்த வரி சிவப்பாகும், எழுதியவர் பெயர் வராது, சரி செய்ய வேண்டியவர் பெயர் வரும். யார் வேண்டுமானாலும் ஒரு வரி சேர்க்கலாம், பாஸ்வேர்டு வேண்டாம். வரியை நீக்க மட்டும், அந்த மெஷினில் வேலை செய்கிறவர் சரியாயிடுச்சு என்று சொல்ல வேண்டும். தமிழிலும், அங்கே ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால் அவர்களுக்குப் புரிகிற மொழியிலும், படம் போட்டும் இருக்கும். பழைய சட்டத்தின் 108ஆம் பிரிவே அறிவிப்புகளைப் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வைக்கச் சொன்னதுதான்.

இதற்கு எல்இடி கூட வேண்டாம். சாக்பீஸும் கரும்பலகையும் போதும்.

நீங்கள் வேலை செய்கிற இடத்தில் நாள் எண் போர்டு இருந்தால், ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: கடைசியாக இது எப்போது ஜீரோ ஆச்சு, யார் ஆக்கினார்கள்? பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை என்றால், டைம் ஆபீஸ் பெஞ்சையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.