சுறாவுடன் வாழும் எல்லைக் கடற்கரை

பாண்டிச்சேரிச் சிறுவன் ஒருவன், கப்பல் மூழ்கியபின் ஒரு வங்கப் புலியோடு ஒரே படகில் 227 நாட்கள் உயிர் தாங்கிய கதையை, கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்ட்டெல் 2001-ஆம் ஆண்டில் புதினமாக எழுதினார். 2012-இல் திரைப்படமாக வந்த அதனை நம் இல்லத்தாருள் பலர் கண்டிருப்பர். அது கற்பனை. ஆயினும் கொடிய விலங்கின் அருகிலேயே கடலில் நாட்களைக் கழிப்போர் நம் எல்லைப்புறத்திலேயே உள்ளனர்.

பாறசாலையிலிருந்து கடலை நோக்கிச் சென்றால், நெய்யாற்றின்கரை வட்டத்துப் பொழியூரை அடைகின்றோம். அதனைக் கடந்தால் நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என ஊர்கள் தொடர்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்த அக்கோடு மீனவர் தொழிலைப் பிரிக்கவில்லை.

தூத்தூர் வட்டார மீனவர் ஆழ்கடற் சுறா வேட்டையில் பெயர் பெற்றவர்கள். கொச்சியைத் துறையாகக் கொண்டு, அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்குவர். நெடுங்கயிற்றில் இடையிட்டுத் தொங்கும் தூண்டில்களே அவர்தம் கருவி. சுறாவைப் படகில் ஏற்றிய பின்னரும் ஆபத்து தீர்வதில்லை. இறந்ததுபோற் கிடப்பது திடீரெனக் கவ்விவிடும். ஒடுங்கிய தட்டில் விலகி நிற்க இடம் ஏது? புலியின் முன் அச்சிறுவனைக் காத்த விழிப்பும் அளவறிந்த அச்சமுமே இவர்களையும் காக்கின்றன.

சினைச்சுறாவின் கொம்பை நட்டு நெய்தல் மக்கள் வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலையில் காண்கின்றோம். சுறா பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும். ஈனும் குட்டிகளும் சிலவே. அளவின்றிப் பிடித்தால் அவ்வினம் மீள்வது அரிது. திமிங்கலச் சுறா உள்ளிட்ட சில இனங்களை 2001-இல் அரசு சட்டத்தால் காத்தது இதனாலேயே. அச்சம் தரும் விலங்கும் நம் அருளை வேண்டி நிற்கும் காலம் இது.

எனினும் இவ்வூர்களைப் பெருந்துயரில் ஆழ்த்தியது சுறா அன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது ஆழ்கடலில் இருந்தோர் பலர்க்கு எச்சரிக்கை உரிய காலத்தில் எட்டவில்லை. கவிழ்ந்த படகைப் பற்றி மிதந்து உயிர் மீண்டோர் சிலர், மீளாதோர் பலர். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே அழுகுரல் எழுந்தது.

சுறாவின் குணத்தைத் தந்தை மகனுக்குக் கற்பிக்கலாம். புயலின் வரவைக் கரையிலுள்ளோர் தாம் அறிவித்தல் வேண்டும். ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் செய்தி பெறும் கருவி இருத்தல் வேண்டுமென நாம் இடையறாது வற்புறுத்துவோம். பிழைப்பு நாடிப் பிரிந்தோரைக் காத்திருக்கும் வீட்டின் துயரை, புலம்பெயர்ந்த நம்மினும் நன்கறிந்தார் யார்?