வாடகைச் சுவரில் ஓர் ஓவியம்

சான்பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் மெக்ஸிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. சந்துபொந்தெல்லாம் சுவரோவியங்கள். அங்கே 24ஆவது தெரு பிரையண்ட் தெருவைச் சந்திக்கும் முனையில் இருந்த கலேரியா டி லா ராசா என்ற கலைக்கூடத்தின் வெளிச்சுவரில், 2015 ஜூனில் 'போர் விடா' என்ற ஓவியம் ஏறியது. உருவாக்கியவர் மானுவல் பால். அணைத்து நிற்கும் இரண்டு ஆண்கள் ஒருபுறம், இரண்டு பெண்கள் மறுபுறம், நடுவே மார்பில் அறுவைத் தழும்புகளோடு ஒரு திருநம்பி. தோற்றத்தில் எல்லோரும் அதே தெருவில் எதிர்ப்படக்கூடிய சிக்கானோக்கள், அதாவது மெக்ஸிகோ வம்சாவளி அமெரிக்கர்கள். சில நாட்களிலேயே அதன்மேல் பெயிண்ட் பீய்ச்சப்பட்டது. கணினியில் வரைந்து அச்சிட்ட படம் என்பதால் கலைக்கூடம் புதிதாக அச்சிட்டு மாட்டியது. மறுபடியும் பெயிண்ட். ஜூன் 29 இரவு தீயே வைத்துவிட்டார்கள். நாடு முழுவதும் தன்பாலினத் திருமணம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

இத்தனைக்கும் பக்கத்துப் பகுதியான காஸ்ட்ரோவில் பால்புதுமையரின் (குயர் மக்களின்) அடையாளமான வானவில் கொடி பல பத்தாண்டுகளாகப் பறக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மிஷனில் கிளம்பிய ஆத்திரத்துக்குக் காரணம் வேறு. "இது நம் பண்பாடே இல்லை" என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். 'அவர்கள்' வேறு எங்கோ இருக்கும்வரை யாருக்கும் தொல்லையில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளாக, நம் உடையில், நம் தெருச் சுவரில் நிற்கும்போதுதான் உறுத்துகிறது. பொதுவான வானவில்லால் செய்ய முடியாததை இந்த ஓவியம் செய்தது. பால்புதுமையரைக் கொண்டாடும் சுவரோவியத்துக்கு மதிப்பு இருக்கிறதென்றால், அது ஒரு குறிப்பிட்ட சமூகத்துக்குள் நின்று 'இவர்களும் நாம்தான்' என்று சொல்வதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தெருவில் போகிறவர் மீது இதைத் திணிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தெருச்சுவர் எப்போது வெறுமையாக இருந்தது? விளம்பரமும் புனிதர்களும் தலைவர்களும் யாரிடமும் கேட்டுவிட்டு அங்கே ஏறவில்லை. தேர்தல் வருவதற்கு வெகுமுன்பே சுவரில் கட்சிப் பெயரை எழுதி இடம் பிடித்துவைக்கும் ஊர்க்காரர்களான நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. இத்தகைய ஓவியங்கள் பகுதியை அழகாக்கி, வெளியாட்களை ஈர்த்து, வாடகையை ஏற்றி, யாருக்காக வரையப்பட்டனவோ அவர்களையே வெளியேற்றுகின்றன என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மிஷனில் சுவரோவிய மரபு 1970களிலேயே வேரூன்றிவிட்டது. வாடகை எகிறியது தொழில்நுட்ப நிறுவனப் பணம் நகருக்குள் பாய்ந்த பிறகு. ஓவியத்தைக் குற்றவாளியாக்குவதைவிட, அதையும் பலிகளில் ஒன்றாகக் கணக்கிடுவதே நியாயம். தீயால் அசைக்க முடியாத அந்தக் கலைக்கூடம், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த முனையை 2018இல் வாடகை உயர்வால் காலிசெய்தது.

பிலடெல்பியாவில் நடந்தது இன்னும் சத்தமில்லாதது. அந்நகரின் தன்பாலீர்ப்பாளர், மாற்றுப்பாலினத்தவர் விவகாரங்களுக்கான முதல் இயக்குநர் குளோரியா காசரெஸ், லத்தீன் வம்சாவளிப் பெண், 2014இல் புற்றுநோயால் இறந்தார். மறு ஆண்டே மிஷேல் ஏஞ்சலா ஓர்டிஸ் அவரைப் பெரும் சுவரோவியமாக வரைந்தார். கட்டடம் கைமாறியது. 2020 டிசம்பரில், இடிப்பதற்கு முன்னதாகவே, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வெறுப்பு முழக்கம் எதுவும் இல்லை; கூலிக்கு வந்தவர்கள் வேலையை முடித்தார்கள்.

சுவர் உரிமையாளரின் சொத்துதானே என்றால், ஆம். ஆனால் அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடச் சுவர்களில் இருந்த கிராஃபிட்டி ஓவியங்களை உரிமையாளர் 2013இல் இரவோடிரவாக வெள்ளையடித்து மறைத்தார். 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டப்படி 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2018இல் தீர்ப்பானது. 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. இதில் ஒரு சிக்கல், அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று ஓவியர் எழுதிக்கொடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. ஆகவே வண்ணம் வாங்கும் பணத்தில் கொஞ்சத்தை, ஒப்பந்தத்தில் அப்படியொரு வரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வழக்கறிஞருக்கு ஒதுக்குவது நல்லது.